‘பாக்கலாம்’ ஒரு பதிலா?

போன வருஷம் பொங்கல் முடிந்த சில நாட்களில் நடந்தது இது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில், ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில்தான் எங்கள் ஆபீஸ். நடந்ததில் பாதி அங்கே. மீதிப் பாதி, நான் இதுவரை கால் வைக்காத ஒரு வயலில், சிதம்பரத்தை அடுத்த குமராட்சிப் பக்கம்.

நான் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கடலூர் போய் வருகிறவள். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். உங்களுக்கு வராமல் சொல்லப் பார்க்கிறேன். எங்களுடையது சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. நெல் அறுக்க மெஷின் வாடகைக்கு வேண்டும் என்றால் விவசாயிகள் எங்கள் நம்பருக்குப் போன் செய்வார்கள். முன்பெல்லாம் காதில் ஹெட்போன் மாட்டிய பெண்கள் பதில் சொன்னார்கள். இப்போது ஏ.ஐ. பேசுகிறது, பெண் குரலில், நல்ல தமிழில். பேசுவதோடு நிற்பதில்லை. அதுவே மெஷின் தேடும், பதிவு செய்யும், தேதி மாற்றும், யாரையாவது கேட்க வேண்டும் என்றால் அதுவே போன் போடும். இந்த ஒவ்வொரு வேலைக்கும் அதன் கையில் ஒரு டூல் கொடுத்திருக்கிறோம். அந்த டூல் எதற்கு, எப்போது எடுக்கலாம், எப்போது தொடக்கூடாது என்று அதற்குப் புரிகிறபடி எழுதி வைப்பது என் வேலை.

புது ஆள் வேலைக்குச் சேர்ந்தால் பக்கத்து சீட்டை எட்டிப் பார்த்தாவது கற்றுக்கொள்வார். ஏ.ஐ.க்கு அந்த வசதி கிடையாது. எழுதியிருந்தால் அதற்குத் தெரியும். எழுதாவிட்டால், தெரிந்த மாதிரியே நடந்துகொள்ளும். பெரிய வம்பே அதுதான்.

ஆபீஸில் எனக்கு ‘மெஷின் டீச்சர்’ என்று பட்டப்பெயர். கோடிங் எழுதுகிறவர்களுக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம். யாரும் படிக்காத கட்டுரை எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் என்பார்கள். ‘நீங்க எழுதறத மெஷின் ஓட்டும். நான் எழுதறதத்தான் அது படிக்கும்’ என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். வாய்க்கு நான் என்றைக்கும் பஞ்சம் வைத்தது கிடையாது.

அந்த வாரம் நான் ஒரு கல்யாணத்துக்காக லீவில் இருந்தபோது, ‘தேதி மாற்று’ என்கிற டூலை அவசரமாக ஏற்றியிருக்கிறார்கள். விளக்கமும் அவர்களே எழுதிவிட்டார்கள். ஒரே வரி. ‘பதிவின் தேதியை மாற்றும்.’ அவ்வளவுதான். மழை வரப்போகிறது என்று செய்தி வந்ததும் ஏ.ஐ. என்ன செய்தது? எந்த மெஷின் எந்த ஊரில் நிற்கிறது என்று பார்த்து, அலைச்சல் குறைகிற மாதிரி எல்லாத் தேதிகளையும் அழகாக மாற்றி அடுக்கிவிட்டது. கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குமராட்சிப் பக்கம் ஒரு மெஷின் லாரியிலிருந்து இறங்கி ரோட்டில் நின்றது. அறுக்க வேண்டிய வயல் கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் இன்னொருவருடைய அறுக்காத நெல். மெஷின் என்ன, பறந்தா போகும்? டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பக்கத்து வயல்காட்டைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எல்லா வயலுக்கும் ரோடு கிடையாது. ரோட்டோரம் ஒருவர் வயல், அதற்குப் பின்னால் ஒருவர், அவருக்கும் பின்னால் இன்னொருவர். ஆள் இறங்கி அறுத்தால் வரப்பில் நடந்து போய்விடலாம். மெஷினுக்கு வரப்பு பத்தாது. முன் வயல் அறுத்து முடித்த பிறகு அதன் மேல் ஓடித்தான் உள்வயலுக்குப் போக வேண்டும். அதனால் உள்வயல்காரருக்கு அறுவடைத் தேதியை ரோட்டு வயல்காரர்தான் வைக்க வேண்டும். அவரும் முடியாது என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார். ‘பாக்கலாம்’ என்பார். அந்தப் ‘பாக்கலாம்’மை நம்பிக் காத்திருந்தே பாதி நெல் சாய்ந்துவிடும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டில் வைத்திருந்த குத்தகை வயலும் உள்வயல்தான். வழி கேட்டு அம்மா ஒரு வீட்டு வாசலில் நின்றதைக் காலேஜ் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். சாயங்காலம் திரும்பி வரும்போதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் நானும் விட்டு வைத்திருக்கிறேன்.

மெஷின் ரோட்டில் நின்ற மறுநாள் மீட்டிங். எல்லோரும் சேர்ந்து ஏ.ஐ. மேல் பழியைப் போட்டார்கள். இது சரியில்லை, இன்னும் விலை அதிகமான ஒன்றை வாங்கலாம் என்றார் ஒருவர். எனக்குப் பொறுக்கவில்லை. ‘அதுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. நாமதான் வாயத் தொறந்து சொல்லல’ என்று சொல்லிவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன்.

எழுதியது இதுதான்: ‘தேதி வைக்கும் முன், மெஷின் யாருடைய வயல் வழியாகப் போக வேண்டும் என்று கேள். அந்த வயல் இன்னும் அறுக்கவில்லை என்றால், அந்த வயல்காரரைக் கூப்பிட்டு, என்றைக்கு அறுக்கிறார், வழி விடுவாரா என்று கேள். அவர் சொல்லும் பதிலை உள்வயல்காரர்களுக்குச் சொல்வோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடு.’

எழுதியதோடு விடுவது என் வழக்கம் இல்லை. நானே ரோட்டு வயல்காரர் போல நடித்து, போனில் ஏ.ஐ.யிடம் குரலைக் கனமாக்கிக்கொண்டு ‘பாக்கலாம்மா’ என்றேன். உடனே அது ரொம்ப சந்தோஷமாக, வழி உறுதி என்று பதிந்துகொண்டது! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இன்னொரு தடவை, ‘விட முடியாது, போ’ என்று கத்திப் பார்த்தேன். அதை அது உள்வயல்காரரிடம், ‘அவருக்குத் தற்சமயம் வசதிப்படவில்லை’ என்று பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தது. நல்ல வீட்டுப் பிள்ளை மாதிரி யார் மனமும் நோகக் கூடாது என்று பார்க்கிறது. நோக வேண்டிய இடத்தில் நோகட்டும் என்று ஸ்கிரீனில் இரண்டு வரி வருகிற அளவுக்குச் சேர்த்தேன்:

‘பாக்கலாம் என்று சொன்னால் அது பதில் ஆகாது. எந்த நாள் என்று கேள். நாள் சொல்லாவிட்டால், சிறிது நேரம் விட்டு மறுபடியும் மரியாதையாகக் கேள். அவர் சொன்ன பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் அவர் வார்த்தையிலேயே சொல்.’

இந்த இரண்டு வரிதான் ஆபீஸைக் கலக்கியது.

தினமும் ஏ.ஐ. பேசிய பேச்சில் சிலதைக் கேட்டுப் பார்ப்பேன். என் விளக்கம் வேலை செய்கிறதா என்று தெரிய வேறு வழியில்லை. அப்படித்தான் அந்த அக்காவின் குரலைக் கேட்டேன். குமராட்சிப் பக்கம் உள்வயல் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாகப் பயிர் வைத்திருப்பவர். மெஷின் ரோட்டோடு திரும்பிப் போனதே, அது அவருக்காக வந்த மெஷின்தான். ‘கதிரு சாஞ்சி கெடக்கும்மா. இன்னொரு மழ பேஞ்சா முளச்சிடும். இந்த வாட்டியும் போச்சின்னா அடுத்த போகம் நெலத்த எனக்கு வுட மாட்டாங்க’ என்று ஏ.ஐ.யிடம் சொல்லிக்கொண்டிருந்தார். யார் வயல் வழியாக வர வேண்டும் என்று அது கேட்டதும் அக்காவின் குரல் தணிந்தது. ஒரு பெயரை மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் யாரும் கேட்டுவிடப் போகிறார்களோ என்கிற மாதிரி.

அந்தப் பெயரை எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். ரோட்டோர வயல் முழுக்க அவருடையது. சொந்தமாக மெஷின்கள் வைத்து எங்கள் மூலமாகத்தான் வாடகைக்கு விடுகிறார். அதோடு நெல்லும் வாங்குவார். வழி கிடைக்காமல் தவிப்பவர்களிடம், ஆள் வைத்து அறுத்து ஈரத்தோடு எனக்கே போட்டுவிடுங்கள் என்பார். மழைக்குப் பயந்தவர்கள் அவர் சொன்ன விலைக்குப் போட்டுவிடுவார்கள். அவருடைய ‘பாக்கலாம்’முக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது.

ஏ.ஐ. அவரைக் கூப்பிட்டது. அவர் பாக்கலாம் என்றார். எந்த நாள் என்று கேட்டது. பாக்கலாம்னு சொன்னேனே என்றார். சரிங்க ஐயா, எந்த நாள் என்றது. போனை வைத்துவிட்டார். மறுநாள் காலையில் மறுபடியும் கூப்பிட்டு, அதே மரியாதையோடு அதே கேள்வி. ஊரில் யாரும் அவரிடம் அதுவரை நாள் கேட்டதில்லை போலிருக்கிறது. ஏ.ஐ.யைத் திட்டிவிட்டு நேராக எங்கள் முதலாளிக்குப் போன் போட்டார். அந்தக் கேள்வி நிற்காவிட்டால் என் மெஷின் ஒன்றுகூட உங்களுக்கு வராது என்று சொல்லிவிட்டார்.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவை மூடிக்கொண்டு என்னிடம், அந்த இரண்டு வரியை மட்டும் எடுத்துவிடு என்றார். டாகுமென்ட் என்றால் டாகுமென்ட்டாக இருக்க வேண்டும், ஊர் நியாயம் பேசுகிற இடமா அது என்றார்.

‘எடுக்க மாட்டேன் சார்’ என்றேன். என் குரல் நடுங்கும் என்றுதான் நினைத்தேன். நடுங்கவில்லை.

‘ரெண்டு வரிம்மா. அதுக்கா இவ்ளோ ரகள?’

ரெண்டு வரிதானே, எடுத்தால் என்ன ஆகிறதென்று நீங்களே பாருங்கள் என்று, என் லேப்டாப்பில் சோதனைக்காக வைத்திருக்கும் தனி ஏ.ஐ.யில் அந்த வரிகளை அவர் கண்ணெதிரே எடுத்தேன். ஒரு போனை அவர் கையில் கொடுத்தேன். நீங்கள் ரோட்டு வயல்காரர், அவர் பேசுகிற மாதிரியே பேசுங்கள் என்றேன். இன்னொரு போனில் நான் அந்த அக்கா. அவர் வேண்டாவெறுப்பாக ‘பாக்கலாம்மா’ என்றார். அடுத்த நிமிஷம் என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அந்த இனிமையான குரல், ‘நல்ல செய்தி! நாளைக் காலை உங்கள் வயலுக்கு மெஷின் வருகிறது’ என்றது.

‘மெஷின் வராது சார். வராதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்கு மட்டும் தெரியாது. அந்த அக்காவும் இத நம்பி வயக்காட்டுல நின்னுகிட்டிருப்பாங்க. நீங்களே கூப்ட்டு சொல்லிடுங்க’ என்று போனை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் போனைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, ‘ஒனக்கு வேல வேணுமா வேணாமா?’ என்றார்.

‘வேணும் சார். அதனாலதான் எடுக்க மாட்டேங்கறன். பொய் சொல்லித்தான் ஓட்டணும்னா இந்த வேலைக்கு நான் எதுக்கு? அழிக்கணும்னா நீங்களே அழிங்க. ஆனா, மாத்தனவங்க பேரு கீழ வரும்ல, அதுல ஒங்க பேரு இருக்கட்டும்.’

எங்கள் சிஸ்டத்தில் எந்த விளக்கத்தை யார் மாற்றினாலும் அவர் பெயர் அடியில் வந்துவிடும். அவர் லேப்டாப்பை என் பக்கமே தள்ளிவிட்டார். பிறகு, சாயங்காலம் பேசிக்கலாம் என்று எழுந்து போய்விட்டார். அதுவும் ஒரு ‘பாக்கலாம்’தான் என்று எனக்குப் புரிந்தது. சீட்டுக்கு வந்து, டிராயரில் இருந்த என் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். தண்ணீர் பாட்டிலையும் அதில் வைத்தேன். பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு மருந்து, வீட்டு வாடகை எல்லாம் இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

வரி இருந்ததால், ஏ.ஐ. தன் பாட்டுக்கு அன்று மத்தியானம் அந்த ரோட்டு வயல்காரரை மறுபடியும் கூப்பிட்டது. பின்னால் அந்தப் பதிவைக் கேட்டேன். ‘ஐயா, எந்த நாள் வழி விடுவீங்கன்னு தெரிஞ்சா உதவியா இருக்கும். நீங்க சொல்றத உள்வயல்காரங்களுக்குச் சொல்வோம்’ என்றது. எதிரில் மனுஷி ஒருத்தி நின்றிருந்தால் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே இன்னொரு ‘பாக்கலாம்’ சொல்லியிருப்பார். மெஷின்தானே என்று வாய் விட்டுவிட்டார்.

‘வுட மாட்டன். இன்னா பண்ணுவ? யார்கிட்ட வேணா போய் சொல்லு!’

‘சரிங்க ஐயா, சொல்லிடறேன்’ என்றது அது. சொல்லியும்விட்டது. கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த அக்காவுக்கும், அவருக்குப் பின்னால் வயல் வைத்து எங்களிடம் பதிவு செய்திருந்த எல்லோருக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததை, நான் கூப்பிட்டுக் கேட்டபோது அக்காவே போனில் சொன்னார். அன்றுவரை ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் ரோட்டு வயல்காரர் வாசலுக்குப் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு ‘பாக்கலாம்’. நமக்கு எப்படியும் விட்டுவிடுவார், வெளியே சொன்னால் கெட்டுவிடும் என்று ஒருவர் மற்றவரிடம் மூச்சு விடவில்லை. இப்போது எல்லோர் காதிலும் ஒரே பதில் விழுந்ததும் முதல் தடவையாக ஒருவருக்கொருவர் போன் செய்து பேசியிருக்கிறார்கள். மறுநாள் விடிந்ததும் ஒன்றாகக் கிளம்பி அவர் வயலுக்கே போய்விட்டார்கள். யாரும் கெஞ்சவில்லை, கத்தவும் இல்லை.

‘வுட மாட்டன்னு சொன்னீங்களாமே மாமா?’ என்று அக்காதான் கேட்டிருக்கிறார்.

‘நான் எப்பம்மா அப்பிடி சொன்னன்?’

‘அப்ப வுடறீங்க. என்னா நாளு?’

அத்தனை பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் விட மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. போனில் அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை நேரில் வரவில்லை. கடைசியில், வரப்போரமாக மெஷின் அகலத்துக்கு ஒரு வெட்டு மட்டும் அறுத்துக்கொண்டு போகட்டும், அந்த நெல்லை என் களத்தில் கொட்டிவிட வேண்டும் என்றார். தாராளமாக! அன்று மதியமே வேறொரு ஊரிலிருந்து மெஷின் வந்து உள்ளே இறங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா போனை மெஷின் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த இரைச்சலை நான் ஆபீஸில் ஸ்பீக்கரில் போட்டேன். கோடிங் எழுதுகிறவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மழை மறுநாள் வந்தது. அக்காவின் நெல் அதற்குள் தார்ப்பாய்க்குள் போய்விட்டது. எல்லோருடையதும் தப்பியது என்று சொன்னால் பொய். கடைசி வயல்காரருக்குப் பாதி அறுக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நாள் கேட்பதை இன்னும் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும்.

சொன்னபடியே ரோட்டு வயல்காரர் தன் மெஷின்களை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். அந்தப் பருவம் கம்பெனிக்குக் கஷ்டம்தான். முதலாளி ரொம்ப நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வரியையும் அழிக்கவில்லை, என்னையும் அனுப்பவில்லை. இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், விளக்கம் ரொம்ப நீளமாக இருக்கிறதே, குறைக்கலாமா என்று கேட்டாராம். ‘மத்தது எத வேணா தொடு. அந்த பாக்கலாம் வரில மட்டும் கை வைக்காத, அந்தம்மா கடிச்சிடும்’ என்றாராம் முதலாளி. எனக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான். வாங்கிக்கொண்டேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டூல், விளக்கம் எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்.

‘அந்த மெஷினு அவர என்னான்னுதான் கேட்டுச்சி?’

‘எந்த நாளுன்னு கேட்டுச்சும்மா.’

அம்மா கையிலிருந்த கீரையை அப்படியே வைத்துவிட்டார். ‘அவ்ளோதானா?’ என்றார். கீரையை மறுபடியும் எடுத்தபடி, ‘அத்தன வருஷம் நின்னமே, அத ஒருத்தரும் கேக்கலியே’ என்றார்.

அந்தக் கேள்வியை நான் எழுதியது ஏ.ஐ. படிப்பதற்காகத்தான், ஆனால் அன்றையிலிருந்து ஆபீஸோ, பேங்க்கோ, யார் வீட்டு வாசலோ, என்னிடம் யாராவது ‘பாக்கலாம்’ என்றால், எந்த நாள் என்று கேட்காமல் நான் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.